கல் பங்களாவைக் கட்டியவர்

மலர்க் குழு நண்பர்கள் தொலைபேசியில் அழைத்து, பழைய நினைவுகளாக ஏதாவது நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது சற்றுத் தயங்கினேன். விடுதிச் சாப்பாடு, மலையேற்றம், மார்ச் மாதப் பரீட்சைக் காய்ச்சல் இதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே நம் எல்லோருக்கும் பொதுவான ஒருவரைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தேன். அவர் நம் கல்லூரியில் படித்தவர் அல்ல, பாடம் நடத்தியவரும் அல்ல. உதகை அரசு கலைக் கல்லூரி தொடங்கியது 1955இல். அவர் காலமானது அதற்குச் சரியாக நூறு வருஷம் முன்னால், 1855இல். இருந்தாலும் அவர் வீட்டு வாசலில்தான் நாம் எல்லோரும் மூன்று வருஷம் நின்று கதை பேசியிருக்கிறோம். ஸ்டோன் ஹவுஸைக் கட்டிய ஜான் சல்லிவனைத்தான் சொல்கிறேன்.

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. கணிதம் படித்த மூன்று ஆண்டும் எனக்கு சல்லிவன் யார் என்று தெரியாது. கல் பங்களா என்றால் முதல்வர் அறை இருக்கும் பழைய கட்டிடம், அங்கே கூப்பிட்டால் ஏதோ வம்பு என்று அர்த்தம், அவ்வளவுதான். முன்னால் இருக்கும் ஓக் மரம் அவர் வைத்தது என்று யாரோ சொன்னார்கள். அதன் நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். பிறகு நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கையில் சிவில் எஞ்சினியரிங் போய், இன்று கோவையில் கட்டிட வேலை பார்க்கிறேன். அந்த மனிதரைத் தேடிப் போக வைத்தது எங்கள் சொந்த வீட்டில் நான் செய்த ஒரு தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சல்லிவன் 1788 ஜூனில் லண்டனில் பிறந்தவர். மீசை அரும்புவதற்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து கப்பலேறி சென்னைக்கு வந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி ஒவ்வொரு படியாக ஏறி, முப்பது வயதைத் தொடுவதற்கு முன்பே கோயம்புத்தூர் கலெக்டர் ஆனார். அப்போதைய கோயம்புத்தூர் ஜில்லா மிகப் பெரியது. அதன் வடமேற்கு ஓரத்தில் நீலமாய்த் தெரிந்த மலை, வரி வசூல் கணக்கில் ஏதோ சில ஊர்களாக இருந்ததே தவிர, வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியாது.

ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அதுவும் பொய். 1603லேயே ஃபெனிசியோ என்ற பாதிரியார் மலையாளக் கரைப் பக்கமிருந்து ஏறிவந்து தோடர்களைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். 1812இல் கீஸ் என்ற சர்வேயர் வந்தார். 1818இல் சல்லிவனின் கீழ் வேலை பார்த்த விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு இளைஞர்கள் ஏறினார்கள். புகையிலை கடத்தியவர்களைத் துரத்திக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதையும் உண்டு. சல்லிவன் ஊட்டியைக் கண்டுபிடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்களே, அதைக் கேட்டால் தோடரும் படுகரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் சிரிப்பார்கள். அவர்கள் எப்போதோ கண்டுபிடித்து, வீடு கட்டி, எருமை மேய்த்து, ராகியும் சாமையும் விளைத்து வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அந்த இரண்டு இளைஞர்களும் இறங்கிவந்து சொன்ன செய்தி சல்லிவனைச் சும்மா இருக்கவிடவில்லை. வெயிலில் வெந்துகொண்டிருக்கும் கோயம்புத்தூரிலிருந்து ஒரு எட்டில் இப்படி ஒரு குளிர்நாடா? 1819 ஜனவரியில் கிளம்பிவிட்டார். பாதை என்று ஒன்று கிடையாது. காடு, பாறை, செங்குத்தான சரிவு. பல நாள் பாடுபட்டு, உடன் வந்தவர்களில் சிலரைப் பறிகொடுத்து, கோத்தகிரிப் பக்கம் மேலே வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது. இதை எழுதும் எனக்கு அதைவிட அதிகம். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறினாலே பதினாலு வளைவில் தலை சுற்றுகிறது.

மற்ற கலெக்டர்களாக இருந்தால் ஒரு அறிக்கை எழுதிவிட்டு இறங்கியிருப்பார்கள். இவர் திம்பட்டியை ஒட்டிய கன்னேரிமுக்கில் அதே வருஷம் ஒரு வீடு கட்டினார். பெத்தக்கல் பங்களா என்று அதற்குப் பெயர். நீலகிரியில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு அதுதான். ஸ்டோன் ஹவுஸுக்கு அண்ணன் முறை. நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்?

அந்த வருஷம் மே மாதம் அவரோடு ஒரு விருந்தாளி ஏறிவந்தார். லெஷெனோ தெ லா தூர் என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியை மையமாக வைத்துச் செடி கொடிகளைச் சேகரித்து வந்த தாவரவியலாளர். உடம்பு மிகவும் கெட்டு, பிழைப்பாரா என்ற நிலையில் மலைக்கு வந்தவர், கொஞ்ச நாளிலேயே எழுந்து நடந்து, செடி பறிக்கத் தொடங்கிவிட்டார். சல்லிவனுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? தினமும் தெர்மாமீட்டரைப் பார்த்துக் குறித்து வைத்திருந்த வெப்பநிலைக் கணக்கையும், இந்த பிரெஞ்சுக்காரர் தேறிய கதையையும் சேர்த்து, இங்கே நோயாளிகள் தங்கிக் குணமடைய இடம் அமைக்கலாம் என்று சென்னை அரசாங்கத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1820இல் கவர்னராக வந்த தாமஸ் மன்றோ காது கொடுத்துக் கேட்டார்.

கேட்டதன் பலன் ஒரு சாலை. சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்கு மெக்பர்சன் என்ற ராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் 1821இல் தொடங்கி 1823இல் முடிந்தது. நீலகிரிக்கு ஏறிய முதல் சாலை அதுதான். எஞ்சினியர் என்ற முறையில் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பெத்தக்கல் பங்களாவுக்கு வாழ்வு கொடுத்ததும் சாலைதான், பிறகு அதைக் கெடுத்ததும் சாலைதான். 1830களின் தொடக்கத்தில் குன்னூர் வழியாக இன்னொரு மலைப்பாதை வந்தது. ஊட்டிக்குப் போகிறவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். பிறகு ரயிலும் அந்த வழியிலேயே வந்தது. 1899இல் குன்னூருக்கு, 1908இல் ஊட்டிக்கு. கோத்தகிரிப் பக்கம் ஒதுக்குப்புறம் ஆயிற்று. ஆள் நடமாட்டம் நின்ற இடத்தில் வீடு நிற்காது, இது எங்கள் தொழிலில் தெரிந்த விஷயம்.

சல்லிவனும் கன்னேரிமுக்கில் நிற்கவில்லை. மேற்கே இன்னும் உயரத்தில் ஒத்தைக்கல் மந்து இருக்கும் பள்ளத்தாக்கைப் பார்த்தார், மயங்கினார். தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கி, 1822இல் ஒரு கல் வீட்டைத் தொடங்கினார். மூங்கிலும் புல்லும் மண்ணுமாய் வீடு கட்டிய மலைமக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். நாமும் அதையேதான் சொல்கிறோம்.

வீடு முடிவதற்குள் தோட்டம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மனிதருக்கு வீட்டைவிடத் தோட்டத்தில்தான் ஆசை அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. சீமையிலிருந்து விதையும் கன்றும் வரவழைத்து, தனியாக ஒரு தோட்டக்காரரையும் வைத்துக்கொண்டு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பார்லி, ஆப்பிள், பீச், ஸ்ட்ராபெரி என்று ஒவ்வொன்றாக இந்த மண்ணில் ஊன்றிப் பார்த்தார். இன்றைக்கு மேட்டுப்பாளையம் மண்டியில் ஊட்டிக் கிழங்கு என்று கூவி ஏலம் விடுகிறார்களே, அதன் பூர்வீகத்தில் இந்தத் தோட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அரசினர் தாவரவியல் பூங்கா வந்தது அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து.

தோட்டத்துக்கு அடுத்து ஏரி. 1823க்கும் 1825க்கும் இடையில் பள்ளத்தாக்கில் ஓடிய ஓடைகளைக் குறுக்கே மண் கரை போட்டு நிறுத்தினார். கீழே சமவெளிப் பாசனத்துக்கும் இந்த நீர் உதவும் என்பது அவர் கணக்கு. படகு சவாரி அவர் மனதில் இருந்திருக்காது! அன்றைய ஏரி இன்றுள்ளதைவிட மிகப் பெரியது. நாம் விழுந்தடித்து ஓடி பஸ் பிடித்த பஸ் ஸ்டாண்டும், பக்கத்தில் குதிரைப் பந்தய மைதானமும் ஏரிப் படுகையில்தான் இருக்கின்றன. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் தேங்கினால் நகராட்சியைத் திட்டுகிறோம். தண்ணீர் தன் பழைய வீட்டுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

1826 செப்டம்பரில் கவர்னர் மன்றோவே ஊட்டிக்கு வந்து கல் பங்களாவில் தங்கினார். சல்லிவனின் வாழ்க்கையில் உச்சம் அதுதான். அடுத்த வருஷமே மன்றோ காலராவில் மறைந்தார். பின்னால் வந்த லஷிங்டனும் மலையை நேசித்தவர்தான், ஆனால் சல்லிவனை நேசித்தவர் அல்ல. ஊட்டி ராணுவத்தினர் ஓய்வெடுக்கும் இடமாயிற்று. 1828இல் ஒரு ராணுவ அதிகாரியின் கைக்கு நிர்வாகம் போனது. 1830இல் மலையின் மேற்குப் பகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபாரோடு சேர்த்தார்கள். கல் மேல் கல் வைத்துக் கட்டியவர், தன் வீட்டுத் திண்ணையிலேயே அதிகாரம் இல்லாதவர் ஆனார். அந்த வருஷமே விடுப்பில் சீமைக்குக் கப்பலேறினார்.

இங்கே ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்ல வேண்டும். தோடர்களிடமிருந்து சல்லிவன் வாங்கியது வீட்டு மனை மட்டுமல்ல. மற்ற வெள்ளைக்காரர்கள் எவரையும்விட அதிக நிலத்தை வளைத்தவர் அவர். ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்பது அன்றைக்கே நியாயமான விலையா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதே சல்லிவன்தான், இந்த மலை தோடர்களுக்குச் சொந்தம், அவர்கள் சம்மதமும் தக்க ஈடும் இல்லாமல் ஒரு பிடி மண்ணை எடுக்கக்கூடாது என்று அரசாங்கத்தோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். மேய்ச்சல் உரிமை மட்டும்தான் அவர்களுக்கு உண்டு என்று மேலிடம் சொன்னபோதும் விடவில்லை. கை நீட்டி வாங்கியவரும் அவரே, வாதாடியவரும் அவரே. இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து அவர் திரும்பி வந்தார், ரெவின்யூ போர்டில் பெரிய பதவியோடு. மறுபடியும் ஊட்டியில் குடும்பம். 1820இல் அவர் மணந்துகொண்ட ஹென்ரியட்டா அம்மையார் இந்த மலையிலேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1838இல் அந்த அம்மையாரும், ஒரு மகளும் இறந்துபோனார்கள். இருவரையும் புனித ஸ்டீபன் தேவாலயத்து வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த உத்திரங்களால் கட்டியது என்று கட்டிடக்கலை வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே தேவாலயம்தான். உத்திரத்தை அண்ணாந்து பார்க்கப் போன நான், பின்பக்கச் சரிவில் இருக்கும் கல்லறைகளைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறேன்.

1841இல் சல்லிவன் வேலையை விட்டு இங்கிலாந்து போனார். மறுபடி வரவில்லை. அங்கே போயும் சும்மா இருக்கவில்லை. இந்திய சமஸ்தானங்களைக் கம்பெனி ஒவ்வொன்றாக விழுங்குவது ஒப்பந்தத்தை மீறிய செயல் என்று 1850களில் நூல்கள் எழுதினார். இந்தியர்களுக்குப் பெரிய பதவிகள் தர வேண்டும் என்றும், இந்த நாட்டின் செல்வம் சீமைக்கு வடிந்துகொண்டே போகிறது என்றும் சொன்னார். கம்பெனிச் சம்பளத்தில் வாழ்ந்தவர் சொன்னது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1855 ஜனவரி 16ஆம் தேதி காலமானார்.

அதற்குப் பிறகு அவரை நாம் மறந்தோம். கல் பங்களா பிழைத்தது. காரணம், அதில் எப்போதும் யாராவது குடியிருந்தார்கள். கோடைக்காலத்தில் சென்னை அரசாங்கமே ஊட்டிக்கு இடம்பெயர்ந்து வந்த நாட்களில் அந்த மேட்டில் செக்ரடேரியட் நடந்தது; பிறகு கல்லூரி வந்தது. அண்ணன்காரனான பெத்தக்கல் பங்களாவுக்கு அந்த யோகம் இல்லை. கன்னேரிமுக்கில் அது கேட்பாரற்றுச் சிதிலமடைந்தது. சுற்றிலும் தேயிலை ஏறிவந்தது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில்தான் நீலகிரி ஆவண மையத்தினர் எடுத்த முயற்சியாலும் மாவட்ட நிர்வாகத்தின் உதவியாலும் அதைச் சீர்படுத்தி, சல்லிவன் நினைவகமாகவும் நீலகிரியின் பழைய படங்களும் பொருட்களும் இருக்கும் அருங்காட்சியகமாகவும் ஆக்கினார்கள்.

அந்த ஆவண மையத்தினரே 2010 வாக்கில் இங்கிலாந்தில் அவர் கல்லறையையும் தேடிப் பிடித்தார்கள். லண்டனுக்கு மேற்கே ஸ்லோ நகரில், அப்டன் புனித லாரன்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலும் அதே தேவாலயத்தில்தான் அடங்கியிருக்கிறார். கணிதம் படித்தவன் என்பதால் எனக்கு அந்த அக்கம்பக்கம் பிடித்திருக்கிறது. மனைவியும் மகளும் இங்கே, அவர் அங்கே. 2022இல் ஊட்டி 200 விழாவின்போது முதலமைச்சர் வந்து சல்லிவனுக்குச் சிலை திறந்துவைத்தார்.

இனி என் தப்புக்கு வருகிறேன். கோத்தகிரிக்குக் கீழே ஓடையை ஒட்டி எங்கள் பாட்டனார் கட்டிய வீடு. கருங்கல்லும் மண்சாந்தும் வைத்த சுவர், ஓட்டுக் கூரை, பின்னால் ஓடைவரை இறங்கும் தோட்டத்தில் பேரி, பிளம்ஸ், ஒரு பெரிய நாவல். 2009 நவம்பரில் நீலகிரியை உலுக்கிய அந்த மழையில் ஓடைப் பக்கச் சுவர் சரிந்தது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அப்போது எஞ்சினியரிங் மாணவன். அரைகுறைப் படிப்பு, முழுத் திமிர். மண்சுவர் எல்லாம் இந்தக் காலத்துக்கு ஆகாது அப்பா என்று சொல்லி, விழாத பாதியிலும் பாதியை இடிக்க வைத்து கான்கிரீட் போட்டேன். மிச்சமிருந்த பழைய சுவருக்கு உள்ளும் புறமும் கெட்டியாக சிமெண்ட் பூசச் சொன்னேன். தோட்டத்தில் ஓடைக்கரையை நெருக்கி ஒரு கான்கிரீட் சுவர். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் படித்தவன் அல்லவா?

ஐந்தாறு வருஷத்தில் வீடு முழுக்க ஓதம். பழைய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டு மூச்சு விடுகிற சுவர். நான் பூசிய சிமெண்ட் அதன் மூக்கையும் வாயையும் பொத்திவிட்டது. அப்பாவுக்கு இளைப்பு வந்தது. இதற்கு நான்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தச் சமயத்தில் வேறு ஒரு வேலையாகக் கோத்தகிரி போனவன், மழைக்கு ஒதுங்கியதுபோல் கன்னேரிமுக்கில் நுழைந்தேன். இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய வீடு, இடியும் நிலைக்குப் போய்த் திரும்பி வந்த வீடு, என் கண் முன்னால் நிற்கிறது. ஒரு மணி நேரம் சுவர் சுவராகத் தடவிப் பார்த்தேன். அங்கிருந்த படங்களில் நம் கல் பங்களாவும் இருந்தது. அட, இது நம்ம காலேஜ் ஆயிற்றே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற வயதானவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தத் தேடல்.

மாணவத் தம்பி தங்கைகளே, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கன்னேரிமுக்கு இரண்டு கிலோமீட்டர்தான். நடந்தே போகலாம். போகும்போது ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள். சிவில் படிக்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். நம் கல் பங்களாவுக்கும் என்றைக்காவது பராமரிப்பு வேலை வரும். அப்போது சிமெண்ட் மூட்டையோடு யாராவது வந்தால், சுண்ணாம்பு எங்கே என்று கேட்க நம் சங்கத்தில் இரண்டு பேராவது இருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டால் செலவு என்னுடையது, வந்துவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு கோடையாக வேலை நடக்கிறது. சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டோம். பதப்படுத்திய சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிந்த ஒரு கொத்தனாரைத் தேடிப் பிடிக்கவே நாலு மாதம் ஆயிற்று. ஓடைப் பக்கம் கான்கிரீட் சுவரை இறக்கி, கல் அடுக்கி, நீர் கசிந்து வெளியேற இடைவெளி விட்டிருக்கிறேன். நாவல் மரம் போனது போனதுதான். பிளம்ஸ் இரண்டு பிழைத்துக்கொண்டன. அப்பா காலையில் நாற்காலியைப் பின்பக்கம் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, கொத்தனார் வைக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். பத்து வருஷத்துக்கு மேலாக அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை.